ஒலிக்காத ஒக்டபேட்: பழைய மின்னணுத் தாளக் கருவிகளில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கல்

கிளிநொச்சியில் என்னுடைய திருத்தக மேசைக்கு வரும் தாளக் கருவிகள் அநேகமாக எல்லாமே இரண்டு மூன்று கை மாறியவை. ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பா ஒருவர் கப்பற் பொதியில் உடுப்புகளுக்கு நடுவே வைத்து அனுப்பிய ரோலண்ட் எஸ்பிடி-11 (குச்சியால் அடித்து வாசிக்கும் எட்டுப் பேட்கள் கொண்ட ஒக்டபேட் வகை), கோயில் இசைக்குழு ஒன்று கொழும்பில் பழையதாக வாங்கிய எஸ்பிடி-20, தேவாலயப் பாடகர் குழு பல ஆண்டுகளாக அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்த அலெசிஸ் எஸ்ஆர்-16 போன்றவையே வழமையாக வருகின்றன. கொண்டு வருபவர் எல்லோரும் "உள்ளுக்குள் சிப்பு போய்விட்டது" என்று சொல்லியே தருகிறார்கள். ஆனால் திறந்து பார்த்தால் சிப்பு பழுதடைந்திருப்பது மிக அரிது. பழுது பெரும்பாலும் சுவரிலிருந்து வரும் மின்சாரத்திலோ, அடாப்டரிலோ, கேபிளிலோ, பேட்டின் அடியில் உள்ள ஒரு மெல்லிய கம்பியிலோதான் இருக்கிறது. ஆகையால் கீழே வரும் வழிமுறை வெளியிலிருந்து உள்ளே செல்கிறது. ஈயம் உருக்கி ஒட்டும் பற்றாசுக்கோலைச் சூடாக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. ஒரு பல்மானி (மல்ரிமீற்றர்), நன்றாக வேலை செய்வது என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு கேபிள்கள், ஒரு ஹெட்போன், திருகாணிச் செலுத்தி, மென்மையான தூரிகை, 99 சதவீத ஐசோபுரொப்பைல் அற்ககோல் ஆகியவை இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் நீர் கலந்திருப்பதால் அதை மின்சுற்றுப் பலகையில் பூசுவது நல்லதல்ல. திருகாணிகளைக் கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நாடா எந்தக் குதைக்குள் (சொக்கெற்றுக்குள்) இருந்தது என்பது அரை மணித்தியாலத்தில் மறந்துவிடும். ரோலண்ட் ரிஆர்-808, ரிஆர்-909, சிமன்ஸ் எஸ்டிஎஸ்-5 போன்றவற்றில் சுவர் மின்சாரம் நேரே கருவிக்குள் வருகிறது. அத்தகைய கருவியைத் திறப்பதற்கு முன் செருகியைக் கழற்றி, உள்ளே உள்ள பெரிய கொள்ளளவிகளின் (கப்பாசிற்றர்களின்) மின்னேற்றம் இறங்கும் வரை சில நிமிடங்கள் காத்திருந்து, பல்மானியால் அளந்து பார்த்த பின்னரே கையை வைக்க வேண்டும்.

ஆளியைப் போட்டும் விளக்கே எரியவில்லை

முதலில் அடாப்டரைப் பாருங்கள். பழைய எஸ்பிடி வரிசைக் கருவிகளுக்கு 9 வோல்ற்று நேரோட்டம் (டிசி) தேவை. அதன் செருகியில் நடுமுனை எதிர், வெளிவளையம் நேர் ஆகும். இது பழைய ரோலண்ட், பொஸ் கருவிகளின் வழக்கம். ஆனால் கடைகளில் இலகுவாகக் கிடைக்கும் கண்காணிப்புக் கமரா அடாப்டரும் இணைய ரவுட்டர் அடாப்டரும் பெரும்பாலும் 12 வோல்ற்று, நடுமுனை நேர். செருகியின் அளவு பொருந்திவிடுவதால் மின்முனையும் பொருந்தும் என்று எண்ணிவிடுகிறார்கள். நல்ல வேளையாக, பல கருவிகளில் நுழைவாயிலிலேயே ஒரு காவல் இருவாயி (டயோட்) இருக்கும். முனை மாறினால் அது தன்னைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும். பல்மானியின் இருவாயிச் சோதனையில் இரு திசையிலும் பூச்சியத்துக்கு அருகில் காட்டினால் அது குறுக்குச் சுற்றாகிவிட்டது என்று கொள்ளலாம். ஒரு காலைக் கழற்றி மீண்டும் அளந்து உறுதிப்படுத்திய பின், அதே அளவு மின்னோட்டத்தைத் தாங்கும் இருவாயியை அதே திசையில் போட்டால் கருவி உயிர் பெறும்.

அலெசிஸ் எஸ்ஆர்-16 இதற்கு முற்றிலும் வேறானது. அதற்கும் அதற்கு முன் வந்த எச்ஆர்-16 இற்கும் 9 வோல்ற்று ஆடலோட்டம் (ஏசி) வேண்டும், நேரோட்டம் அல்ல. நேரோட்ட அடாப்டர் ஒன்றைச் செருகினால் கருவி ஒழுங்காக வேலை செய்யாது. உரிமையாளரோ கருவியைத்தான் குற்றஞ்சாட்டுவார். இதற்குரிய அடாப்டர் கிடைக்காவிட்டால், 230 வோல்ற்றை 9 வோல்ற்றாகக் குறைக்கும், குறைந்தது 1 அம்பியர் தரக்கூடிய ஒரு சாதாரண நிலைமாற்றியை (ட்ரான்ஸ்போமரை) உருகியுடன் (பியூசுடன்) ஒரு காப்பிட்ட பெட்டிக்குள் அமைத்துக்கொள்ளலாம். சுவர் மின்சாரத்தோடு பழக்கமில்லாதவர் இதைத் தாமே செய்யக்கூடாது.

அடாப்டரை அளக்கும்போது ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நிலைமாற்றி உள்ள பழைய, பாரமான அடாப்டர்கள் சுமையின்றி இருக்கும்போது 9 என்று எழுதியிருந்தாலும் 12 அல்லது 13 வோல்ற்றுக் காட்டும். அது பழுதல்ல. கருவியோடு இணைத்த நிலையில் அளந்தால்தான் உண்மை தெரியும். இணைத்தவுடன் 6 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால், ஒன்றில் அடாப்டர் சோர்ந்துவிட்டது, அல்லது கருவிக்குள் எங்கோ குறுக்குச் சுற்று இருக்கிறது. வேறொரு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்த்தால் இரண்டில் எது என்பது தெரியும்.

கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவற்றுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அங்கே சுவரில் 120 வோல்ற்று, இங்கே 230. யப்பானியச் சந்தைக்குச் செய்த கருவியாயின் 100 வோல்ற்றுத்தான். செருகியின் வடிவத்தை மாற்றும் சிறிய பிளாஸ்ரிக் குற்றி வோல்ற்றளவை மாற்றாது என்பதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. சென்ற ஆண்டு வற்றாப்பளைப் பொங்கலுக்கு நான்கு நாட்கள் இருக்கையில் முள்ளியவளையிலிருந்து ஓர் இளைஞர் ஓடி வந்தார். "அண்ணை, மாமா அனுப்பின பெட்டி. செருகினதும் ஒரு மணம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை" என்றார். "தம்பி, மணம் வந்தது பெட்டியிலிருந்தா, அடாப்டரிலிருந்தா?" என்று கேட்டேன். அவருக்கு அது நினைவில்லை. மணந்து பார்த்தபோது அடாப்டர் மட்டுமே கருகியிருந்தது. கருவிக்கு ஒன்றும் நேரவில்லை. வெளி அடாப்டர் உள்ள கருவி இவ்வாறு தப்பிவிடும். உள்ளேயே நிலைமாற்றி உள்ள கருவி தப்புவது உருகி எவ்வளவு விரைவாக அறுகிறது என்பதைப் பொறுத்தது. பின்புறத் தகட்டில் எழுதியுள்ள வோல்ற்றளவை வாசிக்காமல் எந்தக் கருவியையும் செருகாதீர்கள். 120 எனில் இறக்கு நிலைமாற்றி ஒன்றை இடையில் வைப்பதே பாதுகாப்பானது. அறுந்த உருகிக்குப் பதிலாக வெள்ளித்தாளையோ செப்புக் கம்பியையோ சுற்றுவது எங்களூரில் பரவலாக உள்ள பழக்கம். போர் நாட்களில், பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில் கையில் கிடைத்ததைக் கொண்டு சமாளிக்கப் பழகிவிட்டோம். இன்று உருகி மிக மலிவான பொருள். அந்தப் பழக்கத்தை இந்த ஓர் இடத்திலாவது விட்டுவிடலாம்.

விளக்கு எரிகிறது, ஒலி மட்டும் இல்லை

இந்த அறிகுறியோடு வந்த ஒரு கருவியை இரண்டு இடங்களில் "திருத்த முடியாது" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். அது 1985 இல் வெளிவந்த ரோலண்ட் ஒக்டபேட், பேட்-8. அதற்குள் ஒலியே கிடையாது. எட்டுப் பேட்களில் விழும் அடியை மிடி (மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி) செய்தியாக மாற்றி வேறொரு ஒலிக்கருவிக்கு அனுப்புவது மட்டுமே அதன் தொழில். பின்னர் வந்த எஸ்பிடி வரிசையில் ஒலிகள் உள்ளேயே இருப்பதால், ஒக்டபேட் என்றாலே ஒலி வரும் என்று பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் இயல்பானது. பேட்-8 இன் மிடி வெளிவாயிலை ஒரு கீபோட்டின் மிடி உள்வாயிலில் இணைத்தவுடன் அது பேசத் தொடங்கியது.

பேசியது, ஆனால் பியானோவாகப் பேசியது. இதுவும் தனியாகக் குறிப்பிட வேண்டிய ஓர் அறிகுறி. 1991 இல் வந்த ஜெனரல் மிடி ஒழுங்கின்படி தாள ஒலிகள் பத்தாவது அலைவரிசையில் இருக்கின்றன. பேட் வேறு அலைவரிசையில் அனுப்பினால் கீபோட் அதை ஒரு சுரமாகவே எடுத்துக்கொள்ளும். பேட்டின் அலைவரிசையைப் பத்தாக்கி, ஒவ்வொரு பேட்டுக்கும் உரிய சுர எண்ணைக் கொடுக்க வேண்டும். 36 பாஸ் டிரம், 38 சினெயர், 42 மூடிய ஹைஹற், 46 திறந்த ஹைஹற், 49 கிராஷ். இந்த ஐந்தும் தெரிந்தால் மற்றவற்றைத் தேடிப் பிடித்துவிடலாம். அலைவரிசை சரியாக இருந்தும் ஒன்றுமே வராவிட்டால் கேபிளைச் சோதியுங்கள். மிடி கேபிளின் ஐந்து முனைகளில் செய்தியைக் கொண்டு செல்வன நான்காவதும் ஐந்தாவதும் மட்டுமே, இரண்டாவது கவசம். பல்மானியால் இந்த மூன்றும் மறுமுனை வரை தொடர்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

உள்ளே ஒலி உள்ள கருவியாயின், முதலில் ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போனில் ஒலி வந்து மிக்சரில் வராவிட்டால் பழுது பெரும்பாலும் வெளிவாயிற் குதையிலோ கேபிளிலோ இருக்கும். செருகியை மெதுவாக அசைத்துப் பார்க்கையில் ஒலி வந்து வந்து போனால், குதையின் கால்கள் பலகையோடு ஒட்டியிருக்கும் ஈயத்தில் வெடிப்பு இருக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் காலைச் சுற்றி ஒரு மெல்லிய கரிய வளையம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மேலாகச் சூடு காட்டி விட்டால் ஆறு மாதத்தில் திரும்பி வரும். செருகி முழுதாக உட்செல்லாமல் நின்றால் குதைக்குள் ஒரு விளக்கை அடித்துப் பாருங்கள். கோடையில் குளவிகள் மண் கொண்டு வந்து கூடு கட்டுவதற்கு இதைவிட வசதியான துவாரம் கிடையாது. நான் இதுவரை மூன்று குதைகளிலிருந்து குளவிக் கூட்டைச் சுரண்டி எடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை "அம்பிளிபையர் பழுது" என்று கொண்டு வந்திருந்தார்கள்.

ஒரு பேட் மட்டும் பேசவில்லை, அல்லது பலமாக அடித்தால்தான் பேசுகிறது

இங்கேதான் கருவியைத் திறக்க வேண்டி வரும். தனியாகக் கேபிளில் இணைக்கும் பேட்டாயின், முதலில் அதை வேலை செய்யும் இன்னொரு உள்வாயிலுக்கு மாற்றுங்கள். பழுது பேட்டோடு நகர்ந்தால் குற்றம் பேட்டிலோ கேபிளிலோ இருக்கிறது. வாயிலோடு நின்றுவிட்டால் மையக் கருவியில் இருக்கிறது. இந்த ஒரு மாற்றம் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். நடுவும் விளிம்பும் தனித்தனியாக ஒலிக்கும் பேட்டுக்கு ஸ்டீரியோச் செருகி உள்ள கேபிள் தேவை. சாதாரண கிற்றார் கேபிளைச் செருகினால் வளைய முனை நிலத்தோடு இணைந்துவிடுவதால் விளிம்பு ஒருபோதும் பேசாது. இதையும் பழுது என்றே கொண்டு வருகிறார்கள்.

திறந்ததும் உணரி எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். வட்டமான பித்தளைத் தகடும் அதன் நடுவே வெண்மையான பீங்கான் பூச்சும் இருந்தால் அது அடியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பீசோ. மெல்லிய பிளாஸ்ரிக் தாள் போன்றிருந்தால் அது அழுத்த உணரி. டிரம்கற் (drumKAT) என்ற பெயருள்ள கருவிகளில் இந்த வகையைக் காணலாம். அழுத்த உணரியைச் சோதிப்பது எளிது: தொடாதபோது தடை மிக உயர்வாகவும், விரலால் அழுத்தும்போது சில ஆயிரம் ஓமுக்கோ அதற்குக் கீழோ இறங்கியும் காட்ட வேண்டும். அழுத்தாமலே தடை குறைவாக இருந்தால், தாள்களுக்கிடையே ஈரமோ தூசியோ புகுந்திருக்கலாம்.

பீசோ சற்று நுணுக்கமானது. அது ஒரு கொள்ளளவி போல நடந்துகொள்வதால், நல்ல நிலையில் இருந்தால் பல்மானியின் தடை அளவில் எல்லையின்மையைக் காட்டும். குறைந்த தடை காட்டினால் அது கெட்டுவிட்டது. கொள்ளளவு அளக்கும் வசதி இருந்தால் பொதுவாகப் பத்து முதல் ஐம்பது நனோபரட்டுக்குள் ஒரு பெறுமானம் வரும். ஒரே கருவியின் மற்றப் பேட்களோடு ஒப்பிடுவதே சிறந்த அளவுகோல். ஏழு பேட்கள் 20 என்று காட்ட ஒன்று மட்டும் 6 என்று காட்டினால், பீங்கான் வெடித்து ஒரு துண்டு மட்டுமே கம்பியோடு நிற்கிறது என்று பொருள். கம்பிகளைக் கழற்றி ஆடலோட்ட வோல்ற்று அளவில் வைத்து விரல் நுனியால் தட்டினால் இலக்கங்கள் துள்ள வேண்டும்.

மிக அடிக்கடி காணும் பழுது, பீங்கானின் மேல் இருக்கும் ஈயப் பொட்டுக் கழன்றிருப்பது. ஆயிரக்கணக்கான அடிகளின் அதிர்வில் அந்தக் கம்பி ஆடி ஆடி அறும். இதை மீண்டும் ஒட்டுவதில் ஒரு பொறுமை வேண்டும். பீங்கானின் மேலுள்ள வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது. பற்றாசுக்கோலை இரண்டு செக்கனுக்கு மேல் வைத்தால் பூச்சு ஈயத்தோடு கரைந்து போய்விடும், அதிகச் சூடு பீசோவின் இயல்பையும் கெடுக்கும். கம்பி நுனியில் முன்கூட்டியே ஈயம் பூசிக்கொண்டு, தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும். பொட்டை ஓரத்துக்கு அருகில் வைத்தால் அதிர்வு குறைவாகப் படும். ஒட்டிய பின், கம்பியைச் சற்றுத் தளர்வாக விட்டு, ஒரு துளி சிலிக்கன் பசையால் தகட்டோடு பிடிக்க வைத்தால் அடுத்த திருவிழா வரை கவலையில்லை.

புதிய பீசோவே தேவைப்பட்டால், கொழும்புப் புறக்கோட்டையின் முதலாம் குறுக்குத் தெருவிலும் வவுனியா நகரத்திலும் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் 27, 35 மில்லிமீற்றர் விட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். பழையதன் விட்டத்தை அளந்து அதே அளவைப் போடுங்கள். பெரியது போட்டால் உணர்திறன் கூடும் என்பது பாதி உண்மைதான்; மற்ற ஏழோடு பொருந்தாத ஒரு பேட் வாசிப்பவரின் கையைக் குழப்பிவிடும்.

ஓர் அடிக்கு இரண்டு ஒலி, அல்லது அடிக்காத பேட் தானாக ஒலிக்கிறது

இரண்டும் வேறு வேறு பழுதுகள். ஆனால் சேர்ந்தே வருவதால் சேர்த்தே பேசலாம்.

அடி விழுந்தவுடன் பீசோவில் எழும் மின்னலை உடனே அடங்குவதில்லை. மணியோசை போலச் சில மில்லிசெக்கன் ஆடி ஆடித் தணிகிறது. அந்த ஆட்டத்தில் இரண்டாவது உச்சம் போதிய அளவு உயர்ந்திருந்தால் கருவி அதைப் புதிய அடி என்று எண்ணிவிடும். இதைத் தடுக்க, ஓர் அடியின் பின் குறித்த நேரம் வரை எதையும் கேளாதிருக்கும் ஓர் அமைப்புப் பல கருவிகளில் உண்டு. பட்டியலில் அது மாஸ்க் ரைம் அல்லது ரீட்ரிகர் கான்சல் என்ற பெயரில் இருக்கும். அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, இரட்டை ஒலி நின்றவுடன் நிறுத்திவிட வேண்டும். நொடிக்கு 16 அடி விழும் உருட்டில் இரண்டு அடிகளுக்கிடையே இருப்பது ஏறத்தாழ 62 மில்லிசெக்கன் மட்டுமே. கேளா நேரத்தை அந்த அளவை நெருங்கும்படி கூட்டிவிட்டால் பறையின் துரித அடிகளை வாசிப்பவருக்கு இடையிடையே அடி விழுங்கப்படும். அவர் அதை இன்னொரு பழுதாக எண்ணி மீண்டும் உங்களிடமே வருவார்.

அமைப்பை எவ்வளவு மாற்றியும் இரட்டை ஒலி நிற்கவில்லையாயின் காரணம் பொருள் சார்ந்தது. பீசோவுக்கும் இறப்பருக்கும் இடையே உள்ள பஞ்சு இருபது முப்பது ஆண்டுகளில் பொடியாகி அல்லது பிசினாகி விடுகிறது. ஆவணி மாதத் தகர கூரையின் கீழ் வைத்த கருவியில் அது இன்னும் விரைவாக நடக்கும். பழைய பஞ்சை அற்ககோலால் நன்கு துடைத்தெடுத்து, அதே தடிப்புள்ள இரட்டைப் பக்கப் பஞ்சு நாடாவைப் போட வேண்டும். ஒட்டிய பின் ஓரம் முழுவதும் சீராகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் தூக்கி நின்றாலும் இரட்டை அடி திரும்பும்.

அடிக்காத பேட் ஒலிப்பது அதிர்வு கடத்தப்படுவதால். ஒரு பேட்டில் விழுந்த அடி பெட்டி வழியே அயற் பேட்டுக்குச் செல்கிறது. கிராஸ்ரோக் என்ற அமைப்பு இருந்தால் அதைக் கூட்டலாம். இல்லாவிட்டால் பாதிக்கப்பட்ட பேட்டின் திரெஷோல்ட் பெறுமானத்தை (எவ்வளவு பலமான அடிக்கு ஒலிக்க வேண்டும் என்ற எல்லையை) ஒரு படி உயர்த்தலாம். ஆனால் அதற்கு முன் நிறுத்தியைப் பாருங்கள். கோயில் முன்றலில் பலகை மேடையில், பாஸ் பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில் ஒக்டபேட்டை நிறுத்திவிட்டு அது தானாக ஒலிக்கிறது என்று முறையிட்டால், கருவி என்ன செய்யும்? நிறுத்தியின் கால்களுக்கடியில் பழைய ரியூப் துண்டுகளை வைத்து, ஒலிபெருக்கியை மேடையிலிருந்து இறக்கினாலே பாதித் தொல்லை தீரும். தளர்ந்த பிடித் திருகாணி ஒன்றை இறுக்கியதால் தீர்ந்ததும் உண்டு.

இரைச்சல்

எந்த இரைச்சல் என்பதைக் காதாலேயே பிரிக்கலாம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 61 கட்டைக் கீபோட்டில் இடது ஓரத்திலிருந்து வரும் முதலாவது 'ஜி' 98 ஹேர்ட்ஸ். இரைச்சலின் சுருதி அந்தக் கட்டையோடு ஏறத்தாழ ஒத்திருந்தால் அது 100 ஹேர்ட்ஸ் இரைச்சல்; மின்வழங்கலின் வடிகட்டும் கொள்ளளவிகள் உலர்ந்துவிட்டன என்பதற்கு அது நல்ல சான்று. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒத்திருந்தால் 50 ஹேர்ட்ஸ். கேபிளின் கவசமோ நிலத்தொடுப்போ காரணம்.

கொள்ளளவியை மாற்றும்போது அதே கொள்ளளவும், அதே அல்லது அதிக வோல்ற்றுத் தாங்குதிறனும், 105 பாகை செல்சியஸ் தரமும் உள்ளதாகத் தேருங்கள். உடலில் உள்ள பட்டை எதிர்முனையைக் குறிக்கும். உப்பியிருப்பதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தாமல், அதே வயதுடைய அயலவற்றையும் மாற்றுவது நல்லது. மீன் வாடை போன்ற ஒன்று வந்தால் திரவம் பலகையில் கசிந்திருக்கிறது. அந்த இடத்தைக் கழுவாமல் புதியதைப் போடக்கூடாது.

50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு நிலத்தொடுப்பு முனையை முறித்துவிடும் வைத்தியம் ஒன்று உண்டு. இரைச்சல் நிற்கும், ஆனால் பழுதுற்ற அம்பிளிபையர் ஒன்றின் உடலில் மின்சாரம் நிற்கும்போது ஒலிவாங்கியைப் பிடிக்கும் பாடகரின் உயிரும் அதோடு போகலாம். அதற்குப் பதிலாக எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இணைத்து, அதுவும் போதாவிட்டால் நிலம் துண்டிக்கும் ஆளி உள்ள டிஐ பெட்டி ஒன்றை ஒலிக் கம்பியின் நடுவே வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண் இறுகிக் காய்ந்து நிலக்கோலின் தொடர்பு குன்றுவதால், அந்தக் காலத்தில் கோலடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவதும் பயன் தரும்.

நடுவில் தானாக நின்று மீண்டும் தொடங்குகிறது

மின்கம்ப வரிசையின் கடைசியில் உள்ள கோயிலில், அலங்கார விளக்குகள் எல்லாம் எரியும் நேரத்தில் குதையில் 180 வோல்ற்றுத்தான் இருப்பதை நான் அளந்திருக்கிறேன். நிலைமாற்றி அடாப்டர் அதற்கேற்பக் குறைவாகத் தரும். கருவிக்குள் உள்ள 5 வோல்ற்று ரெகுலேற்றர் தன் அளவைக் காக்க முடியாமற் போனதும் மூளைச் சிப்பு மீளத் தொடங்கும். பகலில் கடையில் வைத்துப் பார்த்தால் பழுதே தெரியாது. கருவி ஓடும்போது ரெகுலேற்றரின் வெளிக்காலில் 4.8 முதல் 5.2 வோல்ற்று வரை நிலையாக நின்றால் உள்ளே பழுதில்லை. சிறிய பெற்றோல் ஜெனரேற்றர்கள் இதற்கு எதிர்மாறானவை. தொடங்கும்போதும் எரிபொருள் தீரும்போதும் வோல்ற்றளவு தாறுமாறாக ஏறி இறங்கும். இயந்திரம் சீராக ஓடத் தொடங்கிய பின் செருகி, நிறுத்துவதற்கு முன் கழற்றிவிட வேண்டும்.

சேமித்து வைத்தவை மறைகின்றன

ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்கே திரும்பினால் உள்ளே உள்ள நினைவுப் பற்றரி தீர்ந்துவிட்டது. பல கருவிகளில் அது சிஆர்2032 வகை, 3 வோல்ற்று நாணயப் பற்றரி. 2.7 இற்குக் கீழ் காட்டினால் மாற்றுங்கள். கழற்றும்போது எஞ்சிய நினைவும் அழியும் என்பதால், மிடி வழியாகக் கணினிக்குப் படியெடுக்கும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யவும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பற்சையும் (சேமித்த ஒலி அமைப்பையும்) தாளில் எழுதி வையுங்கள். பற்றரியின் உடலில் நேரடியாக ஈயம் வைப்பது வெடிப்புக்கு வழி. கால் ஒட்டிய பற்றரியை வாங்குங்கள், அல்லது ஒரு தாங்கியைப் பொருத்தினால் அடுத்த முறை பற்றாசுக்கோலே தேவைப்படாது.

ரிஆர்-808, ரிஆர்-707 போன்றவை நினைவைக் காக்கச் சாதாரண ஏஏ பற்றரிகளைப் பயன்படுத்துகின்றன. அவை கசிந்தால் அரிப்பு உள்ளே பரவும். அல்கலைன் பற்றரியின் கசிவு காரம். அதைத் தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி தொட்ட பஞ்சால் நடுநிலையாக்கலாம். மலிவான கார்பன் பற்றரியின் கசிவு அமிலத்தன்மை கொண்டது. அதற்கு அப்பச் சோடாக் கரைசல். எதைப் போட்டாலும் பின்னர் கார் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, அற்ககோலால் முடிக்க வேண்டும்.

பொத்தான்களும் திரையும்

இறப்பர்ப் பொத்தான் இரண்டு மூன்று தடவை அழுத்தினால்தான் வேலை செய்கிறதென்றால், அதன் அடியில் உள்ள கரிய புள்ளியையும் பலகையில் உள்ள தொடுகையையும் அற்ககோலால் மெதுவாகத் துடையுங்கள். 'கிளிக்' என்னும் சிறு ஆளிகள் தேய்ந்துவிட்டால் துடைப்பதில் பயனில்லை. அதே உயரமுள்ளவற்றை மாற்ற வேண்டும். கரகரக்கும் ஒலிக் குமிழுக்குத் தொடுகைத் துப்புரவுத் திரவம் போதும். மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் இரண்டு நாட்களுக்கு நன்றாயிருந்து, மூன்றாம் நாள் செம்மண் தூசியை இழுத்துச் சேறாக்கிவிடும்.

வெள்ளத்தில் நனைந்த கருவி

2018 டிசெம்பர் வெள்ளத்தின் பின் எனக்கு வந்தவற்றில் காப்பாற்ற முடியாமற் போனவை நீரில் மூழ்கியதால் கெட்டவை அல்ல. "காய்ந்துவிட்டதா என்று பார்ப்போம்" என்று மறுநாளே ஆளியைப் போட்டதால் கெட்டவை. நனைந்தவுடன் பற்றரிகளை எல்லாம் கழற்றி, பலகைகளில் படிந்த சேற்றைச் சுத்தமான நீரால் கழுவி, இறுதியாகக் காய்ச்சி வடித்த நீரும் அற்ககோலும் கொண்டு துடைத்து, நிழலில் காற்றோட்டமாகக் குறைந்தது ஒரு கிழமை விடுங்கள். பீசோவின் பஞ்சும் நிலைமாற்றியின் சுருளும் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கும்.

ஒலி வருகிறது, ஆனால் பழைய ஒலி இல்லை

மாதிரி ஒலிகளை இயக்கும் இலக்கக் கருவிகளில் இது அரிது. ஒலியையே மின்சுற்றால் ஆக்கும் ஒப்புமைக் கருவிகளில் ஒரு பாகம் மாறினாலும் குரல் மாறும். ரிஆர்-808 இன் சிம்பல் ஒலியில் உள்ள தனித்த சீறல், வழக்கமாக ஒதுக்கிவிடக்கூடிய குறையுள்ள ஒரு வகைத் திரான்சிஸ்டரைத் தேர்ந்து பயன்படுத்தியதால் வந்தது. அந்தப் பாகம் கிடைக்காமற் போனது 1983 இல் அதன் உற்பத்தி நின்றதற்கு ஒரு காரணம். அத்தகைய கருவி உங்கள் கைக்கு வந்தால், கொள்ளளவிகளையும் திரான்சிஸ்டர்களையும் மொத்தமாக மாற்றும் ஆசையை அடக்கிக்கொண்டு, மின்வழங்கலின் வோல்ற்றளவுகளை முதலில் அளந்து சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அதோடு குரல் திரும்பும். உள்ளே உள்ள சிறு திருகுத் தடைகளைத் திருப்ப வேண்டியிருந்தால், இருந்த நிலையைப் பேனாவால் குறித்த பின்னரே திருப்புங்கள்.

எந்தப் பழுதாயினும் மூடியின் எல்லாத் திருகாணிகளையும் உடனே பூட்டாதீர்கள். இரண்டை மட்டும் பூட்டி, இரண்டு மணித்தியாலம் மின்சாரத்தில் விட்டு, ஒவ்வொரு பேட்டையும் மெதுவாகவும் பலமாகவும் இருபது தடவை அடித்து, ரெகுலேற்றர் இருக்கும் பக்கத்தைக் கையால் தொட்டுச் சூடு பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் மின்வழங்கலை இன்னொரு தடவை அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதித் திருகாணிகளைப் பூட்டி, சரியான அடாப்டரின் வோல்ற்றளவையும் முனையையும் ஒரு வெள்ளை நாடாவில் எழுதிச் செருகும் துவாரத்துக்கு மேலே ஒட்டி, உரிமையாளரிடம் கொடுங்கள்.